சம்பந்தி வீட்டுப் பை

ஏரியின் தெற்குக் கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியில், அவசரப் பிரிவு என்றால் புருல்தான். டாக்டர்கள் வருவார்கள், இரண்டு வருஷம் இருப்பார்கள், தலைநகரத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். புருல் முப்பத்தொரு வருஷமாக அதே வாசலில், அதே நர்ஸ் தொப்பியோடு நிற்கிறாள். அவளுக்குத் தெரியாத நோய் இல்லை என்று சொன்னால் அவளே திட்டுவாள். ஆனால் அவள் பார்க்காத கூத்து இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

கழுகு வைத்து வேட்டையாடும் ஒருவர், முன்கையில் நகம் பதித்த கழுகோடு அப்படியே உள்ளே வந்தார் ஒருமுறை. அவரும் விடவில்லை, அதுவும் விடவில்லை. பணியில் இருந்த டாக்டர் மேஜைமேல் ஏறிவிட்டார். புருல் ஆபரேஷன் தொப்பி ஒன்றை எடுத்துக் கழுகின் தலையில் கவிழ்த்தாள். கண் இருண்டதும் அது சாதுவாகி நகத்தை விட்டது. "முதல்ல அதுக்கு வயிறு நிறையத் தீனி போடுய்யா, அப்புறம் வேட்டைக்குப் போ" என்று ஒரு அதட்டு. இன்னொரு தடவை, பெண்டாட்டி முழங்காலில் தேய்க்க ஊறவைத்திருந்த மலைவேர்ச் சாராயத்தைக் குடிக்கிற சாராயம் என்று நினைத்து ஒருவன் குடித்துவிட்டான். நாடி தறிகெட்டு ஓடியது. ஆறு மணி நேரம் அவன் மணிக்கட்டை விடாமல் உட்கார்ந்திருந்தாள். பிழைத்து எழுந்தவன் முதலில் கேட்டது, "மிச்சத்த என்ன பண்ணுனே?" என்பதுதான். கன்னத்தில் நல்ல அறை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு பழக்கம். விருந்துக்குப் போனால் நம் ஊரில் வெறுங்கையோடு யாரையும் அனுப்ப மாட்டார்களே, ஒரு பை நிறையப் பலகாரமும் இறைச்சியும் கட்டிக் கொடுப்பார்களே, அந்தப் பை புருல் கையில் வந்தால் ஒருநாளும் அவள் வீடு போய்ச் சேர்ந்ததில்லை. தனியாளுக்கு எதுக்கு இவ்வளவு என்பாள். கணவன் போய்ப் பத்து வருஷம். பையை அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து டீ மேஜையில் கவிழ்த்துவிடுவாள். துப்புரவு அம்மாவிலிருந்து ஆம்புலன்ஸ் டிரைவர் வரை ஆளுக்கொரு கை. பத்து நிமிஷத்தில் பை காலி.

அந்த மே மாதச் சனிக்கிழமை நடந்தது அவள் பேரனின் தொட்டில் விழா. மருமகள் வீட்டில், அதாவது சம்பந்தி சாக்கின் வீட்டில். சாக்கினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கைமணம் உள்ளவள், கோபமும் உள்ளவள். கத்திரிக்காயைப் பூண்டும் எண்ணெயும் வினிகரும் போட்டுக் கண்ணாடி ஜாடியில் அடைத்து, தகர மூடியை இறுக்கி, குளிர்காலம் முழுக்க நிலவறையில் வைத்திருப்பாள். சுற்றுப்பட்டு ஊர்களில் அந்த ஜாடிக்கு ஒரு பேர் உண்டு. போன வருஷம் கல்யாணத்தில் புருல் அதில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுவிட்டு, வயிற்றுப்புண்காரி அல்லவா, முகத்தைச் சுளித்துவிட்டாள். "கொஞ்சம் புளிப்பு தூக்கலா இருக்கே சம்பந்தி" என்றும் சொல்லிவிட்டாள். அன்று சாக்கின் சிரித்தாள். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சிரிக்காமல் என்ன செய்வாள்?

தொட்டில் விழா நன்றாகத்தான் நடந்தது. குழந்தை தொட்டிலில் படுத்ததும் அலறியது, கிழவிகள் சேர்ந்து சிரித்தார்கள். மேஜை கொள்ளாத சாப்பாடு. எல்லாரும் தின்று களைத்து, பெரியவர் ஆசி சொல்லக் கையை விரிக்கும் நேரத்தில்தான் சாக்கினுக்கு ஜாடி ஞாபகம் வந்தது. ஓடிப்போய் ஒன்றைத் திறந்து கொண்டுவருவதற்குள் ஆசி முடிந்துவிட்டது, எல்லாரும் இரண்டு கையாலும் முகத்தைத் தடவிவிட்டார்கள். முகம் தடவிய பிறகு மேஜையில் யாரும் ஒரு துணுக்குக்கூட எடுக்கமாட்டார்கள். சாக்கினுக்கு முகம் வாடிவிட்டது. ஜாடியை நாலு டப்பாவில் பிரித்து, நெருங்கினவர்கள் நாலு பேர் பையில் வைத்துவிட்டாள். அதில் ஒன்று புருலின் பை. ஞாயிற்றுக்கிழமை பணிக்கு வந்த புருல் வழக்கம்போல் பையை டீ மேஜையில் கவிழ்த்தாள், வழக்கம்போல் அது காலியானது.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அசில்பெக்கைக் கொண்டுவந்தார்கள். சாக்கின் கணவனின் தம்பி. பெண்டாட்டி அவனைத் தோளில் சாய்த்து இழுத்துவந்து, அழுகையும் ஆத்திரமுமாகக் கொட்டினாள். "பாருங்கக்கா இந்த மனுஷன! விருந்து முடிஞ்சு ரெண்டு நாளாச்சு, இன்னும் போதை தெளியல. நாக்கு குழறுது, கண்ணு சொக்குது. தண்ணி குடுத்தா மூக்கு வழியா வருது!"

புருல் அவன் வாயருகே குனிந்து முகர்ந்தாள். சாராய வாடையே இல்லை. காய்ச்சலும் இல்லை. "அசில்பெக், மேல கூரையப் பாரு" என்றாள். கருவிழி பாதி வரை போனது, இமைகள் கூடவரவில்லை. வெயிலில் வாடிய இலை மாதிரி தொங்கின. "நான் குடிக்கலக்கா... எல்லாமே ரெண்டு ரெண்டா..." என்றான் மூக்கால். புத்தி தெளிவாகத்தான் இருந்தது. உடம்புதான் தலையிலிருந்து கீழே ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தது.

இருபது வருஷத்துக்கு முன்னால் இதே இமையை இவள் ஒரு பெண்ணிடம் பார்த்திருக்கிறாள். பக்கவாதம் என்று படுக்கவைத்தார்கள். மூன்றாம் நாள் மூச்சு நின்றுபோனது. அந்த இமையை அவள் மறக்கவே இல்லை.

"டாக்டர்" என்று கூப்பிட்டாள். அப்போதைய டாக்டர் மெதெர், நாற்பத்தைந்து வயது, நக்கல்காரர், ஆனால் புருல் கூப்பிட்ட குரலைக் கேட்டு டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தார். பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: "ஜாடி."

சாக்கின் கட்டிக் கொடுத்த டப்பாவை அசில்பெக் தனியாகவே தின்று தீர்த்திருந்தான், பெண்டாட்டி தொடவில்லை. காற்றுப் புகாத ஜாடிக்குள் சேரும் நஞ்சு அது. மணம் கிடையாது, ருசி மாறாது. மிளகு அளவு போதும், ஒரு குடும்பத்தையே படுக்கவைத்துவிடும். அதற்கு முறிமருந்து குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது, அதுவும் தலைநகரக் கிடங்கில் மட்டும்தான் உண்டு. மெதெர் போன் செய்துவிட்டு வந்தார்.

"அக்கா, மூணு மணிக்கு ஒரு வண்டி கிளம்புதாம். எத்தனை பேரு, பேரு என்னன்னு சொன்னாத்தான் மருந்து எடுத்து வைப்பாங்களாம். ஒண்ணுகூட உபரியாத் தரமாட்டாங்க. அடுத்த வண்டி நாளை மறுநாள்."

"நாளை மறுநாள் வரைக்கும் தாங்காது."

"அதான் சொல்றேன். சுகாதார அதிகாரி வந்து விசாரிச்சா உங்க சம்பந்தி வாயத் திறப்பாங்களா? நீங்க போங்க. யார் யார் தின்னாங்கன்னு எண்ணிட்டு வாங்க. எண்ணிக்கை தப்பாச்சுன்னா ஒருத்தருக்கு மருந்து இல்ல, அவ்வளவுதான்."

ஆம்புலன்ஸ் டிரைவர் ஜோல்தோஷ், அறுபது வயதுக்காரர், மனைவியை இழந்தவர், புருலை இருபது வருஷமாக ஏற்றி இறக்குபவர். அன்று என்னவோ வண்டியை வாசல் கல்லில் உரசித்தான் எடுத்தார். "கண்ணாடி மாத்தணும் தங்கச்சி, வயசாச்சு" என்றார். பாட்டில் தண்ணீரை எடுத்து ஒரு மடக்குக் குடித்து இருமினார். "வாய் வேற பஞ்சாட்டம் காயுது. இந்த வருஷம் வெயில் சீக்கிரமே வந்துடுச்சு."

"பேசாம ஓட்டுங்கண்ணே" என்றாள் புருல். அவள் மனசெல்லாம் சாக்கினிடம் எப்படிக் கேட்பது என்பதில் இருந்தது. சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்வதே பாவம். இவள் போய், உன் சாப்பாடு ஆளைக் கொல்கிறது என்று சொல்ல வேண்டும்!

சொன்னாள். சாக்கின் முற்றத்தில் கம்பளம் உதறிக்கொண்டிருந்தவள், கையிலிருந்த கோலோடு திரும்பினாள்.

"என் ஜாடியா? நாப்பது வருஷமா மூடி போடுறேன், ஒருத்தனுக்கு ஒரு தும்மல் வந்ததில்ல! என் மச்சினன் கடையில எதையாவது வாங்கித் தின்னிருப்பான். ஆஸ்பத்திரிக்காரி ஆயிட்டா எதையும் சொல்லலாமா?"

"சம்பந்தி, சண்டைக்கு வரல. யாருக்கெல்லாம் குடுத்தீங்க, அத மட்டும் சொல்லுங்க."

"இருங்க, சொல்றேன்!" சாக்கின் நிலவறைக்குள் இறங்கி, அதே அடுக்கிலிருந்து இன்னொரு ஜாடியை எடுத்துவந்தாள். கத்தியால் மூடியை நெம்பித் திறந்தாள். கரண்டியை உள்ளே விட்டாள். "உங்க கண்ணு முன்னால தின்னு காட்டுறேன். செத்தா நம்புங்க!"

கரண்டி உதட்டைத் தொடும் முன் புருல் ஓங்கி அடித்தாள். கரண்டி சுவரில் போய் விழுந்தது. ஜாடியைப் பிடுங்கி மூடி, எட்டாத இடத்தில் வைத்தாள். சாக்கினின் விரலில் தெறித்திருந்த எண்ணெயைத் தன் தலைத்துணியால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். சாக்கின் அதைப் பார்த்தாள். முப்பது வருஷம் ரத்தம் பார்த்தவள் இப்படிப் பதறுகிறாள் என்றால் விஷயம் நிஜம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்படியே கம்பளத்தின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"வினிகர் எத்தனை ஊத்துனீங்க?" என்று கேட்டாள் புருல், மெதுவாக.

சாக்கின் நிமிர்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது. "பாதிதான். போன வருஷம் நாப்பது பேருக்கு முன்னால மூஞ்சியச் சுளிச்சீங்களே? புளிப்பு தூக்கல்னு சொன்னீங்களே? சம்பந்திக்கு வயித்துக்கு ஆகாதேன்னு இந்தத் தடவை மொத்தமும் உங்களுக்காகத்தான் பாதியாக் குறைச்சேன்!"

அந்த வினிகர்தான் நஞ்சை வளரவிடாமல் காத்துவந்தது, நாற்பது வருஷமாக. ஒரு முகச்சுளிப்பில் அது பாதியாகிவிட்டது. அவள் சம்பந்தியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். திட்டவும் முடியவில்லை, மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை.

"யார் யாருக்கு, சொல்லுங்க" என்றாள்.

"நாலு டப்பா. அசில்பெக்குக்கு ஒண்ணு. ரிட்டையரான டீச்சரம்மா கென்ஜேக்கு ஒண்ணு. மேய்ச்சலுக்குப் போன பையிஸுக்கு ஒண்ணு. முதல் டப்பா உங்களுக்குத்தான் வச்சேன்."

"நான் தொடல" என்றாள் புருல். "அப்ப மூணு வீடு." தான் தின்னவில்லை என்பதோடு தன் பையைப் பற்றிய அவள் யோசனை முடிந்துவிட்டது. ஊரெல்லாம் யார் பையில் என்ன ஆயிற்று என்று கேட்கக் கிளம்பியவள், தன் பையைக் கேட்கவில்லை. புத்திசாலிகளுக்கு வரும் மறதி இப்படித்தான் இருக்கும்போல.

டீச்சரம்மா கென்ஜே வீட்டில் தனியாக இருந்தாள். கண்ணில் புரை வந்துவிட்டது என்று காலையிலிருந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாளாம். "ரெண்டு கரண்டிதான் தின்னேன், ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள். அவளைப் பின்னாலேயே வந்த சாக்கின் கணவனின் காரில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டு, ஆம்புலன்ஸ் மலை ஏறியது. மேய்ச்சல் நிலத்தில் பையிஸின் மனைவி இவர்களைப் பார்த்ததும் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். டப்பா கூடாரத்தின் கம்பில் தொங்கியது, கட்டுகூடப் பிரிக்காமல். "பெரியவன் வெள்ளிக்கிழமை வருவான், அவனுக்குப் பிடிக்குமேன்னு வச்சிருக்கேன்" என்றாள். புருல் டப்பாவைக் கழற்றித் தன் பையில் போட்டுவிட்டு, அவளைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தமிட்டாள். எதற்கென்று அந்த அம்மாவுக்குப் புரியவில்லை, டீ குடிக்காமல் போகிறார்களே என்று கோபித்துக்கொண்டாள்.

கணவாயின் உச்சியில் மட்டும்தான் போன் எடுக்கும். அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லி மெதெரைக் கூப்பிட்டாள். மணி இரண்டு இருபது.

"ரெண்டு பேரு டாக்டர். அசில்பெக், கென்ஜே. மூணாவது டப்பா திறக்கவே இல்ல."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

இறக்கத்தில் வண்டி தள்ளாடியது. புருல் கவனிக்கவில்லை, காலையிலிருந்து முதல்முறையாக முதுகைச் சாய்த்திருந்தாள். மூன்றாவது வளைவில் ஜோல்தோஷ் பிரேக்கை அழுத்தினார். சாலையின் நடுவே ஒரு வெள்ளைக் குதிரை நின்றது.

"சனியன்" என்றார் ஜோல்தோஷ். குரல் மூக்கிலிருந்து வந்தது. "ரெண்டு குதிரையும் இப்படியா ஒட்டிக்கிட்டு வழிமறிக்கும்?"

புருல் குதிரையைப் பார்த்தாள். ஒன்றுதான். திரும்பி அவரைப் பார்த்தாள். நம் ஆட்களில் கள் குடித்தவன்கூடக் குதிரையைத் தப்பாக எண்ண மாட்டான். அவர் இடது இமை பாதிக் கண்ணை மூடியிருந்தது. காலையில் உரசிய கல், காய்ந்த வாய், இருமல், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அவள் நெஞ்சில் விழுந்தன.

"அண்ணே... நேத்து நான் உங்ககிட்ட ஒரு டப்பா குடுத்தேனே..."

"கத்திரிக்காயா? ராத்திரி ரொட்டியோட முழுசும் தின்னுட்டேன். ஏன், உனக்கு மிச்சம் வச்சிருக்கணுமா?"

ஐயோ, ஐயோ என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். புளிப்பென்று தனக்கு வேண்டாமாம், தனியாக இருக்கிற மனுஷன் தின்னட்டும் என்று அவள்தான், அவள் கையால்தான், டீ மேஜையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தாள்! இரண்டு பேர் என்று சொல்லியாயிற்று. நிச்சயம் என்று வேறு சொல்லியாயிற்று. மணி இரண்டு முப்பத்தைந்து. போன் எடுக்கும் இடம் மேலே.

"இறங்குங்கண்ணே. இந்தப் பக்கம் வந்து உட்காருங்க."

"நீ ஓட்டப் போறியா? கியர் எதுன்னு தெரியுமா?"

"வாய மூடிக்கிட்டு மூச்ச விடுங்க, அது போதும்!"

கணவனின் பழைய காரில் எப்போதோ ஓட்டியதுதான். ஆம்புலன்ஸைத் திருப்புவதற்குள் பாதி பள்ளத்தில் போனது. முதல் கியரிலேயே இஞ்சின் கதறக் கதற ஏற்றினாள். பக்கத்தில் ஜோல்தோஷ் விழுந்து விழுந்து சிரித்தார், சிரிப்பும் பாதி மூக்கில் வந்தது. தனக்கு என்ன என்பது அவருக்கும் புரிந்துவிட்டது, இருபது வருஷம் இதே வண்டியில் இருந்தவர் அல்லவா. "கியரை மாத்துடி, வண்டி அழுவுது" என்றார். "நானும்தான் அழுவுறேன்" என்றாள் புருல். அழுதுகொண்டேதான் ஓட்டினாள்.

உச்சியில் மணி இரண்டு ஐம்பத்தைந்து.

"டாக்டர்! மூணு! மூணு பேரு!"

"அக்கா, வண்டி கிளம்பப்போவுது. யாரு மூணாவது?"

"நம்ம ஜோல்தோஷ். நான்தான் குடுத்தேன். நான்தான் டாக்டர், என் கையால குடுத்தேன்."

இன்னொரு போனில் மெதெர் கத்துவது கேட்டது: "கேட்டை மூடுங்க! வண்டிய விடாதீங்க! இன்னொண்ணு வைங்க, பேரு சொல்றேன்!" அப்புறம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. புருலுக்கு அது ஒரு வருஷம். "வச்சுட்டாங்கக்கா" என்றார் மெதெர். "மெதுவா ஓட்டிக்கிட்டு வாங்க. உங்களுக்கு வேற மருந்து தேட என்னால முடியாது."

ராத்திரி எட்டு மணிக்கு மருந்து வந்தது. மூன்று பேருக்கும் ஏற்றினார்கள். அசில்பெக்கை இரண்டு வாரம் மூச்சுக் கருவியில் வைக்க வேண்டியிருந்தது. கென்ஜே நாலு நாளில் எழுந்து, பக்கத்துப் படுக்கைக்காரர்களின் உச்சரிப்பைத் திருத்த ஆரம்பித்துவிட்டாள். ஜோல்தோஷுக்கு விழுங்கவும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. மூக்கில் குழாய் வைத்துக் கஞ்சி இறக்கினார்கள். மற்றபடி மூச்சு அவருடையதுதான்.

புருல் பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அவர் படுக்கையருகே உட்கார்ந்திருப்பாள். மூன்றாம் நாள் தைரியம் வந்து சொன்னாள். "அண்ணே, என்ன மன்னிச்சிடுங்க. நான் மூஞ்சியச் சுளிச்சதுல ஆரம்பிச்சது. நான் வேண்டாம்னு தள்ளினத உங்களுக்குக் குடுத்தேன்."

அவர் கையை நீட்டிக் காகிதம் கேட்டார். பென்சிலைப் பிடிக்கவே நேரமானது. கோணல்மாணலாக எழுதிக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து சாக்கினும் வாசலில் வந்து நின்றாள். மூன்று நாளாகத் தினமும் வருகிறாள், உள்ளே வரக் கூசி நடையிலேயே நின்றுவிட்டுப் போகிறாள். புருல் காகிதத்தைப் படித்தாள். பிறகு எழுந்து போய்ச் சாக்கினிடம் நீட்டினாள்.

"கத்திரிக்காய் நல்லா இருந்துச்சு. புளிப்பு சரியா இருந்துச்சு. சம்பந்தியம்மாகிட்ட சொல்லு."

சாக்கின் படித்தாள். முதலில் சிரித்தாளா முதலில் அழுதாளா என்று சொல்ல முடியாது. இரண்டு சம்பந்திகளும் ஆஸ்பத்திரி நடையில் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். மெதெர் அந்தப் பக்கமாக வந்தவர், வேறு வழியாகச் சுற்றிப் போனார்.

அடுத்த வருஷ இலையுதிர் காலத்தில் பேரன் நடக்க ஆரம்பித்தான். தடையில்லாமல் நடக்கட்டும் என்று பிள்ளையின் காலில் கயிறு கட்டி அறுக்கும் விழாவுக்கு மறுபடி சாக்கின் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். இந்த முறை ஜாடியை ஆசிக்குக் காத்திருக்காமல் முதலிலேயே திறந்தாள். வினிகர் பழைய அளவுக்கு மேலேயே ஊற்றியிருந்தாள். புருல் சொன்னபடி பரிமாறும் முன் பத்து நிமிஷம் கொதிக்கவும் வைத்ததால் கத்திரிக்காய் கூழாகிவிட்டது. தட்டில் வந்ததைப் பார்த்து யாரும் முதலில் கை நீட்டவில்லை. சாக்கின் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

புருல் கரண்டியை எடுத்தாள். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி. புளிப்பு காதுவரைக்கும் ஏறியது. கண்ணில் நீர் வந்தது. முகம் மட்டும் அசையவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஜோல்தோஷ் அவள் முகத்தையே குறுகுறுவென்று பார்த்துக்கொண்டிருந்தார், சிரிப்பை அடக்கி.

"எப்படி இருக்கு சம்பந்தி?" என்று கேட்டாள் சாக்கின், சின்னக் குரலில்.

புருல் தட்டை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் வைங்க" என்றாள்.